சுவரின் ஓதத்தை இயந்திரக் கற்றலால் கண்டறிதல்: படம் போதுமா, துளை வேண்டுமா?

மார்ச் 3, 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று அறிய இன்னும் ஊசி மீட்டரைக் குத்திப் பார்ப்பதும், துளையிட்டுத் தூள் எடுப்பதும் தேவைதானா? ஓதம் பிடித்த சுவர்களின் ஒளிப்படங்களையும் உலர்ந்த சுவர்களின் ஒளிப்படங்களையும் போதிய அளவில் திரட்டி ஒரு நரம்பு வலையமைப்பை (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரலை) பயிற்றுவித்தால், கைபேசியைச் சுவருக்கு நேரே காட்டியதும் விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து. முகத்தையே அடையாளம் காண்கிற தொழில்நுட்பத்துக்கு ஈரச் சுவர் ஒரு பொருட்டா?

மார்ச் 4

முகம் ஒளிப்படத்தில் நேராகப் பதிவாகிறது. சுவருக்குள் இருக்கும் நீர் பதிவாவதில்லை. பதிவாவதெல்லாம் நீர் விட்டுச் சென்ற தடயங்களே: பழுப்புக் கறை, உப்புப் பூத்த வெண்படலம், குமிழ்விட்ட வண்ணப்பூச்சு, பொரிந்து உதிரும் காரை, பூஞ்சையின் கரும்புள்ளிகள். இவற்றை இன்றைய மாதிரிகள் (இப்படித் தரவால் பயிற்றுவித்த நிரல்கள்) நன்றாகவே கண்டுபிடிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குழாய்க் கசிவை அடைத்து, சுவர் முழுவதும் உலர்ந்து, ஆண்டுகள் கடந்த பிறகும் கறை அங்கேயே நிற்கும். நேற்றுத் தொடங்கிய கசிவோ மேற்பரப்பில் எதையும் காட்டாது. உப்புப் பூத்தலில் நிலைமை இன்னும் முரணானது, ஏனெனில் நீர் ஆவியாகும்போதுதான் உப்பு படிகமாகிறது; ஆகவே மிகுதியாக வெள்ளை பூத்திருக்கும் இடம் பெரும்பாலும் உலர்ந்துகொண்டிருக்கும் விளிம்பாகவே இருக்கும். இத்தகைய படங்களால் பயிற்றுவித்த மாதிரிக்குக் 'கறை கண்டுபிடிப்பான்' என்று பெயர் வைத்தால் எனக்கு மறுப்பேதும் இல்லை.

மார்ச் 5

வெப்பப் படக்கருவியைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சாதாரண ஒளிப்படத்தைவிட அது ஒரு படி முன்னே இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டட ஆய்வில் பயன்படும் வெப்பப் படக்கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிர்வீச்சைப் பதிவுசெய்கின்றன. சுவரின் மேற்பரப்பிலிருந்து வரும் அந்தக் கதிர்வீச்சைக் கொண்டு கருவி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. ஈரத்தைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. ஈரம் வெப்பநிலையில் வெளிப்படுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது ஆவியாதல்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் ஈரமான மேற்பரப்பு குளிர்கிறது. இரண்டாவது வெப்பக் கொள்ளளவு: உலர்ந்த செங்கல் கட்டின் ஒரு கன மீட்டரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.5 மெகாஜூல் போதும் என்றால், அதன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு நீர் புகுந்துவிட்டால் மேலும் 0.42 மெகாஜூல் தேவைப்படும். ஆகவே ஈரப் பகுதி மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுகிறது. மூன்றாவது வெப்பக் கடத்தல்: நுண்துளைகளில் இருந்த காற்றின் இடத்தை அதைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் நீர் பிடித்துக்கொள்வதால், வெளியே குளிராக இருக்கும்போது சூடேற்றிய அறையின் உட்சுவரில் அந்த இடம் கூடுதலாகக் குளிர்ந்து தெரிகிறது.

மூன்றும் எப்போதும் ஒரே திசையில் செயல்பட்டால் வேலை எளிதாகிவிடும். நடப்பதோ வேறு. மாலையில் வெயில் இறங்கிய பிறகு வெளிச்சுவரைப் பார்த்தால், ஆவியாதல் ஈரப் பகுதியைக் குளிர்விக்க முயல்கிறது, வெப்பக் கொள்ளளவு அதே பகுதியைச் சூடாக வைத்திருக்க முயல்கிறது. காலையில் வெப்பப் படத்தில் நீலமாக, அதாவது குளிராகத் தெரிந்த திட்டு மாலையில் மஞ்சளாக, அதாவது சூடாகத் தெரிவதையும், இடையில் ஒரு வேளையில் சுற்றுப்புறத்தோடு கலந்து முற்றிலும் மறைந்துபோவதையும் நானே பார்த்திருக்கிறேன். 'குளிர்ந்த திட்டு என்றால் ஈரம்' என்று மாதிரி கற்றுக்கொண்டால், எந்த வேளையில் எடுத்த படங்களால் அது கற்றதோ அந்த வேளைக்கு மட்டுமே அந்தப் பாடம் செல்லும்.

காற்றின் நிலையும் இதில் சேர்கிறது. காற்று 25 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பது) 50 விழுக்காட்டிலும் இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 18 டிகிரி. ஆவியாதலால் ஒரு மேற்பரப்பு குளிரக்கூடிய எல்லை அதுதான். ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடாகிவிட்டால் அந்த எல்லை 23.7 டிகிரிக்கு ஏறிவிடும். அதாவது, கசிவைப் பற்றிய புகார்கள் குவியும் மழைக்காலத்தில்தான் கருவிக்குக் கிடைக்கும் வேறுபாடு மிகவும் சுருங்குகிறது. உண்மையான சுவரில், உள்ளிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால், வேறுபாடு இந்த எல்லைக்கும் வெகுவாகக் குறைந்து ஓரிரு டிகிரியாகவே நிற்கும்.

மார்ச் 5, இரவு

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ள ஒன்று: செங்கல், காரை, சாதாரண வண்ணப்பூச்சு ஆகியவற்றின் கதிர்வீச்சுத் திறன் (வெப்பக் கதிரை ஒரு பரப்பு எவ்வளவு முழுமையாக வெளியிடுகிறது என்பதன் அளவு, உச்சம் 1) 0.9-ஐ ஒட்டியது என்பதால் அவற்றின் வெப்பநிலை ஓரளவு நம்பத்தக்கதாகக் கிடைக்கும். பளபளப்பான ஓட்டிலும் உலோகத்திலும் கருவி பார்ப்பது எதிரே இருக்கும் பொருளின் பிரதிபலிப்பை. குளியலறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெப்பத் திட்டு தெரிந்து, ஆய்வாளர் நகரும்போது அதுவும் கூடவே நகர்ந்தால், அது சுடுநீர்க் குழாய் அன்று என்று முடிவுசெய்யச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படாது.

மார்ச் 10

'படங்கள் சரியில்லை என்றால் படங்களைக் குறியிடும்போது மீட்டரால் அளந்து குறியிடலாமே' என்ற யோசனை வந்திருக்கிறது. இந்தத் துறையில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. எந்த வலையமைப்பைத் தேர்வது, எத்தனை அடுக்குகள் வைப்பது என்பனவெல்லாம் இதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

ஊசி மீட்டர் இரண்டு ஊசிகளுக்கு இடையே உள்ள மின்தடையை அளக்கிறது. அதன் அளவுகோல் பொதுவாக மரத்துக்கென வகுக்கப்பட்டது. மரத்தில் 12 விழுக்காடு ஈரம் என்றால் அது நன்றாக உலர்ந்த மரம். செங்கல்லில் எடைக்கு 5 விழுக்காடு நீர் என்றாலே கவலைப்பட வேண்டிய நிலை. ஆகவே சுவரில் அந்த மீட்டர் காட்டும் எண் ஒப்பீட்டுக்கு உதவுமே தவிர, அதை ஈரத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ள இயலாது. இதைவிடப் பெரிய தொல்லை உப்பு. மண்ணிலிருந்து நீரோடு ஏறிவந்த நைட்ரேட்டும் குளோரைடும் காரையில் தங்கிவிட்டால், மிகச் சிறிதளவு ஈரத்திலேயே மின்சாரம் தாராளமாகப் பாயும். மீட்டர் சிவப்பு விளக்கைக் காட்டும். பல பழைய சுவர்களில் மீட்டர் உண்மையில் அளப்பது பழைய ஓதத்தின் உப்பைத்தான்.

ஊசியில்லாத மின்தேக்க மீட்டர் வேறு ஒரு பண்பைப் பயன்படுத்துகிறது. நீரின் சார்பு மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 80, காற்றினுடையது 1, உலர்ந்த கட்டுமானப் பொருள்களினுடையது ஒற்றை இலக்கம் என்பதால் நீர் எடுப்பாகத் தெரிகிறது. ஆனால் மேற்பரப்பின் சொரசொரப்பு, பூச்சுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம், கம்பி, உலோகப் படலம் அனைத்தும் அந்த எண்ணைக் குழப்பும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் முழுச் சுவரும் நனைந்திருப்பதாக மீட்டர் அறிவித்ததை நம்பி, காரையை முழுவதும் உடைத்தெடுக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் மதிப்பீடும் கொடுத்துவிட்டிருந்தார். பலகையின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த அலுமினியப் படலமே அங்கே நீராக வேடம் போட்டிருந்தது. அந்தச் சுவரின் படம் 'ஈரம்' என்ற குறியோடு யாருடைய பயிற்சித் தரவிலாவது இன்று இருக்கக்கூடும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மறுக்க முடியாத அளவீடு என்பது துளையிட்டுத் தூள் எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடைபோடுவது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் 20.9 விழுக்காடு படிக நீர். 105 டிகிரியில் அதன் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆகவே ஜிப்சம் பூச்சை 45 டிகிரியைத் தாண்டாமல் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் முற்றிலும் உலர்ந்த பூச்சும் சொட்டச் சொட்ட நனைந்ததாகக் கணக்கில் ஏறும். கட்டடத்திலேயே விடை வேண்டும் என்றால் கால்சியம் கார்பைடு முறை உண்டு: தூளில் உள்ள நீர் கார்பைடோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை உண்டாக்க, மூடிய கலத்தின் அழுத்தமானி நீரின் அளவைச் சொல்லிவிடும்.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

மீட்டரைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்று கேட்டவருக்கு: ஒரே பொருளாலான, உப்பில்லாத சுவரில் எந்தப் பக்கம் ஈரம் கூடுகிறது என்று தேட அது மிகவும் பயன்படும், நானும் அதைத்தான் முதலில் எடுக்கிறேன். அதன் ஊசிகளை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நம்மையும் இடித்துக் கட்ட வேண்டிய சுவர் என்றே அது கருதும்.

மார்ச் 16

தூள் எடுத்துக் குறியிடுவதாகவே வைத்துக்கொண்டால், இன்னொரு பொருத்தமின்மை தலைகாட்டுகிறது. துளை ஒரு புள்ளியில், ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நீரின் அளவைத் தருகிறது. படத்தைப் பகுத்தறியும் மாதிரிக்கோ ஒவ்வொரு படப்புள்ளிக்கும் குறி தேவை. இடைப்பட்ட பரப்பை யார் நிரப்புவது? வழக்கத்தில், படத்தைக் கணினியில் திறந்து வைத்து, நீலமாகத் தெரியும் பகுதியைச் சுற்றி ஒருவர் கோடு வரைகிறார். பிறகு மாதிரி அந்தக் கோட்டை எவ்வளவு நெருக்கமாகத் திருப்பி வரைகிறது என்பதே அதன் தேர்ச்சியாகக் கணக்கிடப்படுகிறது. இங்கே மாதிரி கற்றுக்கொண்டது கோடு வரைந்தவரின் கண்ணை. சுவரின் ஈரம் இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை.

2015-இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உருவான, படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குறிக்கும் யு-நெட் வலையமைப்பை எடுத்துக்காட்டி, அது வெறும் 30 நுண்ணோக்கிப் படங்களைக் கொண்டே கற்றதல்லவா, நமக்கும் அவ்வளவே போதுமே என்று வாதிடுகிறார்கள். போதலாம். ஆனால் அந்த 30 படங்களிலும் உயிரணுச் சவ்வின் எல்லை எங்கே ஓடுகிறது என்பது படத்திலேயே தெரியும். வல்லுநர் ஒருவர் அதைப் பார்த்து வரைய முடியும். ஈரத்தின் எல்லை வெப்பப் படத்தில் அப்படித் தெரிவதில்லை, தெரிவது வெப்பநிலையின் எல்லைதான். இரண்டும் பல நேரங்களில் கைகோத்துப் போகும். வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலையில், வெப்பம் எளிதில் வெளியேறும் இடங்களில், ஈரம் சிறிதும் இல்லாமலேயே குளிர்ந்த பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும்.

எனவே இப்போது நான் பின்பற்றுவது இதுதான்: துளையிட்ட புள்ளிகளுக்கு மட்டும் எண்ணைக் குறிக்கிறேன், மற்ற இடங்களை 'தெரியாது' என்று விட்டுவிடுகிறேன், இழப்புச் சார்பை (மாதிரியின் பிழையை அளக்கும் கணக்கை) கணக்கிடும்போது தெரியாத இடங்களைச் சேர்ப்பதில்லை. படம் பார்ப்பதற்கு ஓட்டைகள் நிறைந்ததாக இருக்கும். மாதிரியின் துல்லியமும் தாளில் குறைவாகவே தெரியும்.

மார்ச் 23

'நான் பயிற்றுவித்த மாதிரி சோதனைப் படங்களில் ஏறத்தாழ ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் உளறுகிறது' என்று எழுதியவருக்கு.

பெரிய படம் ஒன்றைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, அந்தச் சதுரங்களைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தீர்களா? அப்படியென்றால் ஒரே சுவரின், ஒரே நிமிடத்தில் எடுத்த, ஒன்றையொன்று ஒட்டிய துண்டுகள் இரு பக்கமும் போய்விட்டன. வினாத்தாள் முன்கூட்டியே கசிந்த தேர்வில் பெற்ற மதிப்பெண் அது. பிரிக்க வேண்டிய அலகு படமோ சதுரமோ அன்று, கட்டடம். ஒரு கட்டடத்தை முழுவதும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவற்றில் பயிற்றுவித்து, ஒதுக்கியதில் சோதிக்க வேண்டும். பிறகு அடுத்த கட்டடத்தை ஒதுக்கி இதையே மீண்டும் செய்ய வேண்டும். இப்படிச் செய்ததும் எண்கள் சரிவதைக் காண மனம் வராமல்தான் பலர் குலுக்கலோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கமாக, பத்தாயிரம் சதுரங்கள் இருந்தாலும் அவை நான்கைந்து கட்டடங்களிலிருந்து வந்தவை என்றால், உங்களிடம் உள்ள தரவின் அளவு நான்கு அல்லது ஐந்துதான்.

மார்ச் 24

துல்லியம் என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஆயிரம் சதுரங்களில் 50 மட்டும் ஈரமானவை என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாம் உலர்ந்தவை' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த மாதிரி 95 விழுக்காடு துல்லியம் பெறும். மின்சாரமே இல்லாமலும் இயங்கும், பராமரிப்புச் செலவும் கிடையாது.

இப்போது உண்மையிலேயே நல்ல மாதிரியைப் பார்ப்போம். அது ஈரமானவற்றில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது, உலர்ந்தவற்றில் 10 விழுக்காட்டை மட்டும் ஈரம் என்று பிழையாகச் சொல்கிறது. அப்படியானால் பிடிபட்ட ஈரச் சதுரங்கள் 45, பொய் எச்சரிக்கைகள் 95. மாதிரி மணியடிக்கும் 140 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் உண்மையில் நீர் இருக்கும். சுவரை உடைக்க இந்த மாதிரியை நம்பினால் இது பேரிழப்பு. அடுத்துத் துளையிட வேண்டிய இடத்தைத் தேர நம்பினால், ஆயிரத்தை 140 ஆகக் குறைத்துக் கொடுத்ததே பேருதவி. ஒரே எண் இரண்டு வேலைகளுக்கு இரண்டு பொருள் தருகிறது என்பதால், மாதிரியை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுதாத அறிக்கைகளை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஏப்ரல் 2

மார்ச் 5 குறிப்பில், ஈரத் திட்டு காலையில் ஒரு நிறமாகவும் மாலையில் வேறு நிறமாகவும் தெரிவதை ஒரு குறையாக எழுதியிருந்தேன். அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாமே என்று ஒருவர் சுட்டியது என் சிந்தனையை மாற்றியிருக்கிறது. ஒற்றைப் படத்துக்கு அது குறை. படத் தொடருக்கு அதுவே செய்தி.

கருவியை முக்காலியில் நிறுத்தி, சுவரை ஒரு முழு நாள் இடைவிடாமல் படமெடுத்தால், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை வளைவு கிடைக்கும். உலர்ந்த இடத்தில் அந்த வளைவு உயரமாக எழுந்து விரைவாக இறங்கும். ஈரமான இடத்தில் ஏற்ற இறக்கம் சுருங்கி, உச்சமும் சற்றுத் தள்ளி வரும். வெப்பம் எளிதில் வெளியேறும் மூலை குளிராக இருந்தாலும், அதன் வளைவின் வடிவம் ஈரத்தின் வடிவத்தைப் போல் இருப்பதில்லை. வண்ணமும் கதிர்வீச்சுத் திறனும் வளைவின் மட்டத்தையும் வீச்சையும்தான் மாற்றுகின்றன, உச்சம் வரும் நேரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. இப்படி எடுத்த வளைவிலிருந்து வீச்சு, காலத் தாமதம், ஆறும் வேகம் என்ற சில எண்களைப் பிரித்தெடுத்து, புள்ளியியலாளர் லியோ பிரைமன் 2001-இல் விளக்கிய ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களை வாக்களிக்கச் செய்யும் முறை) போன்ற பழைய முறையிடம் கொடுத்தால்கூட, ஒற்றைப் படத்தில் இயங்கும் ஆழ்ந்த வலையமைப்பைவிட நல்ல முடிவு கிடைப்பதை என் தரவில் பார்க்கிறேன்.

ஆழமும் இதில் ஓரளவு கிடைக்கும். வெப்ப அலை சுவருக்குள் செல்லச் செல்லத் தணிகிறது. ஒரு நாள் சுழற்சிக்குச் செங்கல்லில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழத்தில் அதன் வீச்சு மேற்பரப்பில் இருந்ததில் 37 விழுக்காடாகிறது. பத்து நிமிடச் சுழற்சிக்கு அந்த ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவே. ஆகவே விளக்கால் சிறிது நேரம் சூடாக்கிப் பார்ப்பது பூச்சைப் பற்றிச் சொல்லும், பகலும் இரவும் பார்ப்பது செங்கல்லைப் பற்றிச் சொல்லும். முப்பது சென்டிமீட்டர் சுவரின் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இரண்டும் மங்கலாகவே சொல்லும்.

ஏப்ரல் 3

சுவருக்குள் ஈரப்பத உணரிகளைப் பதித்து, அவற்றின் காலத் தொடரையே மாதிரியிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: பூஞ்சை வருமா என்று முன்னறிய அது மிக நல்ல வழி. காற்று 20 டிகிரியிலும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் இருக்கும் அறையில், பனிநிலை (காற்றின் நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 13.2 டிகிரி என்பதால் சுவர் 15 டிகிரியில் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சுவரின் வெப்பநிலை 16.7 டிகிரிக்கு இறங்கும்போதே அதை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாகிவிடுகிறது, அந்த நிலை நீடித்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். இத்தகைய வேலையில் உணரியும் மாதிரியும் நன்றாக ஒத்துழைக்கின்றன.

ஓதம் ஏறிய சுவரில் கதை வேறு. 0.1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள நுண்துளை நீரால் நிறைவது ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 99 விழுக்காட்டை எட்டும்போதுதான். செங்கல்லின் துளைகளில் பெரும்பகுதி அதைவிடப் பெரியது. அதாவது சுவர் கொள்ளக்கூடிய நீரில் பெரும்பங்கு 99-க்கும் 100-க்கும் இடைப்பட்ட ஒரே விழுக்காட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. நம் உணரியின் பிழை எல்லையோ இரண்டு மூன்று விழுக்காடு. உணரி 100 என்று காட்டி நின்றுவிட்ட பிறகு, எந்தப் படிமுறையாலும் இல்லாத செய்தியை அதிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது.

ஏப்ரல் 12

மாதிரி எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று ஆராயும் கிராட்-கேம் என்ற முறையை என் பழைய படத் தொகுப்பு ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். 'ஈரம்' என்று சொன்ன படங்கள் பலவற்றில், அதன் கவனம் முழுவதும் சுவரில் இருந்த சுண்ணக்கட்டிக் கோட்டில் குவிந்திருந்தது. ஆய்வுக்குச் செல்பவர்கள் ஐயத்துக்குரிய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் படமெடுப்பது வழக்கம். வட்டம் இருந்தால் ஈரம் இருக்கும் என்ற விதியை மாதிரி எவ்விதச் சிரமமும் இல்லாமல் கற்றுக்கொண்டது. தோல் நோய்ப் படங்களில் அளவுகோல் வைத்து எடுத்தவை பெரும்பாலும் ஐயத்துக்குரிய கட்டிகளாகவே இருந்ததால், மாதிரி அளவுகோலையே நோயின் அடையாளமாகக் கொண்டதாக மருத்துவ ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

சுண்ணக்கட்டியைத் தவிர்ப்பது எளிது. தவிர்க்கக் கடினமானது வேறு: ஈரச் சுவர்களைப் புகார் வந்த வீடுகளில் எடுக்கிறோம், உலர்ந்த சுவர்களை வசதியான இடங்களில் எடுக்கிறோம். பழைய காரை, மங்கிய விளக்கு, தரையோடு ஒட்டிய கோணம் ஆகியவை ஒரு பக்கமும், புதிய வண்ணப்பூச்சும் நேரான கோணமும் மறுபக்கமும் சேர்ந்துவிடுகின்றன. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, ஒவ்வொரு ஈரப் படத்துக்கும் அதே சுவரின் உலர்ந்த பகுதியிலிருந்தே இணைப் படம் எடுப்பது.

ஏப்ரல் 20

தரவு கிடைக்காவிட்டால் செயற்கையாக உருவாக்கலாமே என்பது அடுத்த யோசனை. நுண்துளைப் பொருளுக்குள் நீர் நகர்வதற்குச் சமன்பாடுகள் உள்ளன. மண்ணுக்காக 1931-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சமன்பாடு அவற்றின் மூதாதை. வெப்பமும் ஈரமும் சேர்ந்து சுவருக்குள் நகர்வதைக் கணிக்கும் மென்பொருள்கள் இன்று கட்டட ஆய்வில் புழக்கத்தில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கற்பனைச் சுவர்களைக் கணினியில் நனைத்து, ஒவ்வொன்றின் மேற்பரப்பு வெப்பநிலையையும் கணக்கிட்டு, அவற்றால் மாதிரியை முதலில் பயிற்றுவித்துவிட்டு, உண்மைச் சுவர்களின் சிறு தரவால் பிறகு சீர்படுத்துவதை நான் வரவேற்கிறேன். இங்கே ஒவ்வொரு புள்ளியின் ஈரமும் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதே பெரிய நன்மை. மார்ச் 16-இல் எழுதிய ஓட்டைகள் இங்கே இல்லை.

ஆனால் கணினியின் சுவர் ஒழுங்கான சுவர். உண்மைச் சுவரில் செங்கல்லும் சாந்தும் வெவ்வேறு வேகத்தில் நீரை உறிஞ்சுகின்றன, இரண்டுக்கும் இடையே விரிசல் ஓடுகிறது, யாரோ எப்போதோ அடைத்த சாளரம் பூச்சுக்குள் மறைந்திருக்கிறது. கணினியில் மட்டும் கற்ற மாதிரி அந்த அடைத்த சாளரத்தை மிகுந்த தன்னம்பிக்கையோடு நீர்த்தேக்கம் என்று அறிவிக்கும்.

மே 1

துளையிடும் இடத்தைத் தேரவே மாதிரி என்று மார்ச் 24-இல் எழுதியதை விரித்துச் சொல்லுமாறு கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு முன்னோடி கட்டடத் துறையில் இல்லை, சுரங்கத் துறையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக், சில துளைகளில் கிடைத்த தங்கத்தின் அளவைக் கொண்டு இடைப்பட்ட நிலத்தில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடும் முறையை 1951-இல் முன்வைத்தார். பின்னர் பிரான்சின் ஜார்ஜஸ் மத்தரோன் அதற்குக் கணித வடிவம் கொடுத்து கிரிக்கின் பெயரையே சூட்டினார். இயந்திரக் கற்றலில் காஸியன் செயல்முறை என்று இன்று அழைக்கப்படுவது அதன் நெருங்கிய உறவு. அதன் சிறப்பு, ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பீட்டோடு 'எனக்கு இங்கே எவ்வளவு ஐயம்' என்பதையும் சேர்த்துச் சொல்வது. வெப்பநிலை வளைவு, தரையிலிருந்து உயரம், மின்தேக்க மீட்டரின் எண் ஆகியவற்றை அதனிடம் கொடுத்து, முதல் சில துளைகளின் எடைக் கணக்கையும் கொடுத்தால், ஐயம் மிகுந்த இடத்தைச் சுட்டும். அங்கே அடுத்த துளை. விடை வந்ததும் வரைபடம் முழுவதும் திருந்தும். மீண்டும் ஐயம் மிகுந்த இடம். என் அனுபவத்தில், சம இடைவெளியில் துளையிடுவதைவிட இப்படிச் செய்வதால் சுவர் குறைவாகவே புண்படுகிறது.

மே 2

நேற்றைய குறிப்புக்குப் பிறகு வந்த கேள்விகளில் இரண்டு.

ஈரம் எங்கே என்று தெரிந்தால் போதுமா, எதனால் என்று மாதிரி சொல்லாதா? ஓரளவு சொல்லும், தகுந்த அளவீட்டைக் கொடுத்தால். எடுத்த தூளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் மொத்த நீரை உடனே அளந்துவிட்டு, மறுபாதியைச் செறிவூட்டிய சமையலுப்புக் கரைசலோடு மூடிய கலத்தில் வைக்க வேண்டும். அந்தக் கரைசல் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 75 விழுக்காட்டில் நிறுத்தும். பின்னதில் தூள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் நீர், முதல் பாதியில் இருந்த நீருக்கு நிகராகவோ கூடுதலாகவோ இருந்தால், சுவரின் ஈரத்துக்கு உப்பும் காற்றுமே போதிய காரணம். மொத்த நீர் வெகுவாக மிஞ்சினால் வேறு எங்கிருந்தோ நீர் வருகிறது. இவ்விரண்டு எண்களும் உயரத்தோடு எப்படி மாறுகின்றன என்பதைச் சேர்த்தால், தரையிலிருந்து ஏறும் ஓதத்தையும் மேலிருந்து இறங்கும் கசிவையும் பிரிக்க எளிய முடிவு மரம் (அடுத்தடுத்த ஆம்-இல்லைக் கேள்விகளால் விடைக்கு வரும் முறை) ஒன்றே போதுமானது. ஆழ்ந்த வலையமைப்புக்கு இங்கே வேலையே இல்லை.

துளையிடும்போதே சூட்டில் நீர் ஆவியாகிவிடாதா? ஆகும். கூரான அலகைக் குறைந்த வேகத்தில் சுழற்றி, இடையிடையே நிறுத்தி, முதல் சென்டிமீட்டரின் தூளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதியை உடனே மூடியுள்ள சிறு குப்பியில் அடைத்து எடைபோட வேண்டும். அலகு கையில் சுடுகிறது என்றால் அந்தத் தூளின் எண்ணைப் பயிற்சித் தரவில் சேர்க்காமல் பக்கத்தில் புதிதாகத் துளையிடுங்கள்.